லெஸ்ஸில் தேடிய சொல் ஏன் சாய்ந்து நிற்கிறது?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் சப்போர்ட் ஆட்களுக்கு லெஸ் (நீளமான கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல்) இல்லாமல் வேலை ஓடாது. சர்வருக்குள் போய், நடந்ததெல்லாம் பதிவாகும் நீளமான லாக் கோப்பை லெஸ்ஸில் திறந்து, சாய்கோடு தட்டி 'எரர்' என்று தேடுவார்கள். அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் எழுத்தின் நிறமும் பின்னணி நிறமும் இடம் மாறி, பளிச்சென்று தெரிய வேண்டும். சிலருக்கு மட்டும் தேடிய சொல் லேசாகச் சாய்ந்து, இட்டாலிக்காக நிற்கும். விடியற்காலை மூன்று மணிக்கு அந்தச் சாய்வு யார் கண்ணில் படும்?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலித் தம்பி ஃபாண்டைச் சந்தேகப்பட்டார். "எந்த ஃபாண்ட் வச்சாலும் சாஞ்சேதான் நிக்குது அண்ணா. லெஸ்ஸையே புதுசா போட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். ஃபாண்டும் லெஸ்ஸும் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

கட்டளை தட்டி விடை பார்க்கும் எழுத்துத் திரைதான் டெர்மினல். அதற்கு வருவது வெறும் பைட்டுகள்தான். எழுத்துகளுக்கு நடுவே 27 என்ற எண்ணுள்ள எஸ்கேப் பைட் வந்தால், அடுத்து வருவது கட்டளை என்று டெர்மினல் எடுத்துக்கொள்ளும். எஸ்கேப், ஒரு சதுர அடைப்புக்குறி, 7, சின்ன எம் என்று வந்தால் நிறத்தைத் தலைகீழாக்கு என்று பொருள். 7-க்குப் பதில் 1 வந்தால் தடித்த எழுத்து, 3 வந்தால் சாய்வெழுத்து, 4 வந்தால் அடிக்கோடு, 31 வந்தால் சிவப்பு. 0 வந்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். 1978-ல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 டெர்மினல் பரப்பிய இந்த முறையைத்தான் இன்றைய டெர்மினல் நிரல்களும் பின்பற்றுகின்றன.

அந்தக் காலத்தில் எல்லா டெர்மினலும் இப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனிக் குறியீடு. சில டெர்மினல்களில் நிறம் மாற்றும் கட்டளையே திரையில் ஒரு எழுத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சொல்லை எடுத்துக் காட்டினால் வரியே ஒரு கட்டம் தள்ளிப் போகும்! இந்தக் கூத்தையெல்லாம் நிரல் எழுதுபவர் எப்படி நினைவில் வைப்பது? 1970களின் கடைசியில் பெர்க்லியில் பில் ஜாய் ஒரு வழி செய்தார். ஒவ்வொரு டெர்மினலின் குறியீடுகளையும் டெர்ம்கேப் என்ற கோப்பில் பட்டியலாகப் போட்டு வைத்தார். அதன் வாரிசுதான் இப்போதைய டெர்மின்ஃபோ.

ஆக, லெஸ் நேரடியாக 7 என்று அனுப்புவதில்லை. டெர்மினலின் பெயரைச் சொல்லும் டெர்ம் என்ற சூழல் மாறியில் (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) என்ன பெயர் இருக்கிறதோ, அந்தப் பெயருக்கு டெர்மின்ஃபோவில் 'எடுப்பாகக் காட்ட' என்ன குறியீடு என்று பார்த்து, அதை அப்படியே அனுப்பிவிடும். சிவாஜிநகர் ஆட்டோக்காரரிடம் தமிழ், கன்னடம், உருது எதில் பேசினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். டெர்மினலிடம் அந்தத் தாராளம் கிடையாது. டெர்ம் தப்பான பெயரைச் சொன்னால் லெஸ் தப்பான குறியீட்டைத்தான் பேசும்.

சாய்வின் மூலம் இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினல் நிரலின் பெயருக்கு 'எடுப்பாகக் காட்ட' 7. ஒரே டெர்மினலுக்குள் பல அமர்வுகளை நடத்தும் ஸ்க்ரீன் நிரலின் பெயருக்கோ 3. ஸ்க்ரீன் நிரலுக்குள் இருக்கும்போது இதில் சிக்கல் இல்லை; உள்ளே வரும் 3-ஐ அதுவே வெளி டெர்மினலுக்குப் புரிகிற மாதிரி மாற்றி அனுப்பிவிடும். அதே வேலை செய்யும் டிமக்ஸும் ஸ்க்ரீன் என்ற பெயரில் அமைக்கப்பட்டிருந்தால் இதையே செய்யும். மாற்றித் தர நடுவில் யாரும் இல்லாதபோது அந்த 3 நேராக டெர்மினலுக்குப் போகிறது. டெர்மினலுக்கு 3 என்றால் சாய்வெழுத்து.

தம்பியின் பாஷ்ஆர்சி கோப்பில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பு), எங்கிருந்தோ ஒட்டிய ஒரு வரி டெர்ம் மாறியை எப்போதும் ஸ்க்ரீன்-256கலர் என்று மாற்றிக்கொண்டிருந்தது. இந்த வரியை நிறையப் பேரிடம் பார்க்கலாம். என்னைக் கேட்டால், பாஷ்ஆர்சியில் டெர்மைத் தொடவே கூடாது. அதைச் சொல்ல வேண்டியது டெர்மினலும் டிமக்ஸும்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். டெர்மின்ஃபோவைப் படித்துச் சொல்லும் டிபுட் கட்டளையில் எஸ்எம்எஸ்ஓ (எடுப்புக் குறியீட்டின் பெயர்) என்று கேட்டு, வரும் விடையைப் பைப் வழியாக, மறைந்த பைட்டுகளையும் காட்டும் கேட் -வி-க்கு அனுப்பினால், இப்போது போகும் குறியீடு 7-ஆ 3-ஆ என்று கண்ணுக்கே தெரியும். அப்புறம் பிரிண்ட்எஃப் கட்டளை வைத்து 7-ஐ நீங்களே அனுப்பிப் பாருங்கள். நிறம் தலைகீழானால் டெர்மினல் நன்றாக இருக்கிறது, பெயர்தான் தப்பு. அந்த வரியை நீக்கிவிட்டு, டிமக்ஸ் அமைப்பில் டிமக்ஸ்-256கலர் என்று வையுங்கள். அந்தப் பெயரில் எடுப்புக்கு 7, சாய்வுக்கு 3 எனத் தனித்தனியாக உண்டு.

பழைய சர்வர்களில் அந்தப் பெயரே பதிவாகியிருக்காது. தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், பெயரை மட்டும்தான் கொண்டுபோகும், குறியீட்டுப் பட்டியலை அல்ல. நம் கணினியில் இன்ஃபோசிஎம்பி கட்டளை கொடுக்கும் டெர்மின்ஃபோ விவரத்தை எஸ்எஸ்ஹெச் வழியாக அங்குள்ள டிக் கட்டளைக்கு அனுப்பினால் சர்வரில் நம் ஹோம் கோப்புறையிலேயே பதிவாகிவிடும். ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையில்லை.

எடுப்பே இல்லை என்றால் கதை வேறு. லெஸ் என்ற சூழல் மாறியில் பெரிய ஜி இருக்கிறதா பாருங்கள். அது எடுப்பை மொத்தமாக நிறுத்திவிடும். எஸ்கேப் தட்டி யு தட்டினாலும் எடுப்பு போகும், மறுபடி தட்டினால் வரும். சொல் தேடும் கிரெப் கட்டளை காட்டும் சிவப்பு லெஸ்ஸுக்குள் வராததற்குக் காரணம் பைப்: கலர் ஆட்டோ என்று இருந்தால், எதிரில் இருப்பது டெர்மினல் இல்லை என்று தெரிந்ததும் கிரெப் நிறத்தை விட்டுவிடும். கலர் ஆல்வேஸ் என்று கொடுத்து, லெஸ்ஸைப் பெரிய ஆரோடு திறக்க வேண்டும்.

டெர்மை மாற்றவே வழியில்லை என்றால், லெஸ்_டெர்ம்கேப்_எஸ்ஓ என்ற மாறியில் 7-க்கான குறியீட்டைப் போட்டு லெஸ்ஸை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் வேறு வினை வரும். ஸ்க்ரீன் பெயரில் எடுப்பை முடிக்கும் குறியீடு 23. அது சாய்வைத்தான் நிறுத்தும், தலைகீழ் நிறத்தை நிறுத்தாது. முதல் 'எரர்' வந்த இடத்திலிருந்து திரை முழுக்க நிறம் புரண்டுவிடும். லெஸ்_டெர்ம்கேப்_எஸ்இ என்ற மாறியில் தலைகீழ் நிறத்தை நிறுத்தும் 27-க்கான குறியீட்டையும் கூடவே போட்டுவிடுங்கள்.