நாளமில்லாச் சுரப்பியா, அகச்சுரப்பியா?

தருமபுரிப் பக்கம் மருத்துவ முகாம் என்று துண்டறிக்கை வந்தால் அதில் 'நாளமில்லாச் சுரப்பி நோய்கள்' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். போன வாரம் பாலக்கோட்டுச் சந்தையில் கையில் கொடுத்ததிலும் இருந்தது. அதைப் படித்த என் பெரியம்மா கேட்டார்: "நாளமே இல்லைன்னா அதுக்கு ரத்தம் எப்படிப்பா போகும்?" பல வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. இரத்த நாளம் என்ற சொல் தெரிந்த யாருக்கும் இதுதான் முதலில் தோன்றும்.

நாளம் என்றால் உள்ளே துளையுள்ள தண்டு, குழாய். தாமரைத் தண்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. சுரப்பி நம் சொல். ஊற்று சுரக்கிறது, மடி சுரக்கிறது என்கிறோமே, அந்தச் சுரத்தல்தான். இவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் எண்டோக்ரைன் என்பது கிரேக்கத்திலிருந்து வந்தது. 'எண்டோன்' உள்ளே, 'கிரினெய்ன்' பிரித்தல். உள்ளேயே பிரித்து விடுவது என்று பொருள். அந்தச் சொல்லில் குழாயும் இல்லை, 'இல்லை'யும் இல்லை.

அப்புறம் 'நாளமில்லா' எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய உடற்கூற்றியலார் தைராய்டு, தைமஸ், அட்ரீனல் போன்றவற்றை அறுத்துப் பார்த்தார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் இருப்பது போல வெளியே போகும் குழாய் எதுவும் இவற்றில் காணோம். என்ன வேலை செய்கின்றன என்றும் விளங்கவில்லை. ஆகவே குழாயற்ற சுரப்பிகள் என்று எழுதி வைத்தார்கள். மண்ணீரலைக்கூட அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். 1902-இல் ஆங்கில உடலியலாளர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும், சிறுகுடல் இரத்தத்தில் விட்டுக் கணையத்தைச் சுரக்க வைக்கும் செக்ரெட்டினைக் கண்டறிந்தார்கள். இப்படி இரத்தத்தில் போய் வேறோர் உறுப்பை இயக்கும் பொருளுக்கு, 1905-இல் லண்டன் சொற்பொழிவு ஒன்றில் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லை முன்வைத்தார். 'கிளர்த்துகிறேன், இயக்குகிறேன்' என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து எடுத்தது. வேலை விளங்கியதும் ஆங்கிலத்தில் பழைய பெயர் மெல்ல ஒதுங்கிவிட்டது. நாம்தான் அதை மொழிபெயர்த்துப் பாடநூலில் வைத்து இன்னமும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

'பழகிவிட்டது, மாற்றினால் குழப்பம்' என்பார்கள். இப்போதே குழப்பம்தானே? இருபது கிராம் அளவுள்ள தைராய்டு, எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே மிக அதிகமாக இரத்தம் பாயும் உறுப்புகளில் ஒன்று. அதன் சரக்கு முழுவதும் இரத்த நாளத்தின் வழியாகத்தான் போகிறது. நாளத்தையே நம்பியிருக்கும் ஒன்றுக்கு நாளமில்லாதது என்று பெயர்!

கணையத்துக்கு வந்தால் இந்தச் சொல் முழுசாகவே கைவிட்டுவிடும். கணையத்துக்கு நல்ல குழாய் இருக்கிறது. செரிமான நீர் அதன் வழியே சிறுகுடலுக்குப் போகிறது. 1869-இல் லாங்கர்ஹான்ஸ் விவரித்த திட்டுகள் அதே உறுப்புக்குள் இருந்துகொண்டு இன்சுலினை நேரே இரத்தத்தில் விடுகின்றன. சர்க்கரை நோயை 'நாளமில்லாச் சுரப்பி நோய்' என்று அச்சடிக்கிறவர், குழாயுள்ள ஓர் உறுப்பைக் குழாயில்லாதது என்று சொல்கிறார். மாணவர்களோ 'கணையம் நாளமுள்ளதும் நாளமில்லாததுமான சுரப்பி' என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்த வாக்கியத்திலிருந்து யாருக்கு என்ன புரியும்?

எங்கே சுரக்கிறது என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இரத்தத்துக்குள் சுரப்பது அகச்சுரப்பி, குழாய் வழியே குடலுக்கோ தோலுக்கோ விடுவது புறச்சுரப்பி. கணையத்தில் இரண்டும் உண்டு. உட்சுரப்பி என்றும் சொல்கிறார்கள். உடலுக்குள்ளே இருக்கும் சுரப்பி என்று அதைப் படித்துவிட வாய்ப்பு அதிகம் என்பதால் எனக்கு இரண்டாம்பட்சம். இலங்கைத் தமிழர் 'அகஞ்சுரக்கும் சுரப்பி' என்கிறார்கள். கொஞ்சம் நீளம், ஆனால் வினை உள்ளே நிற்பதால் ஐயத்துக்கே இடமில்லை.

அகச்சுரப்பி, புறச்சுரப்பி இரண்டையும் சேர்த்துப் பார்க்க மாட்டுத்தொழுவத்துக்குப் போனால் போதும். கன்று முட்டியதும் மடி சுரப்பு விடுகிறது. காம்பில் பட்ட தொடுகை நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் இறங்குகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் மடியை எட்டி, பாலறைகளைச் சுற்றியுள்ள செல்களைச் சுருங்க வைக்கிறது. மடி புறச்சுரப்பி, பிட்யூட்டரி அகச்சுரப்பி. அதே ஆக்சிடோசின் மாட்டின் காலுக்கும் ஈரலுக்கும் போனாலும், பால் இறக்கும் வேலை மடியில்தான் நடக்கிறது. அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அங்கே இருக்கின்றன. மாடு மிரண்டால் அட்ரீனலின் குறுக்கே வந்து பால் இறங்காமல் நின்றுவிடும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் இதே வழிதான்.

ஹார்மோனுக்கு 'இயக்குநீர்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'இயக்கு' அருமை, 'நீர்' வேண்டாம். கிருஷ்ணகிரி மாங்காயைப் பழுக்க வைக்கும் எத்திலீனும் ஹார்மோன்தான், அது வாயு. 'ஊக்கி' அதைவிட மோசம். சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வளர்ச்சி ஹார்மோனை அடக்குகிறது, அதை எப்படி ஊக்கி என்பது? போதாததற்கு ஊக்கமருந்து, கோழிக்கு ஊசி என்று ஊரே பயப்படும். நல்ல சொல் கிடைக்கும்வரை ஹார்மோன் என்றே எழுதலாம். அது எல்லோருக்கும் தெரிந்த சொல்.

மொழிபெயர்ப்பவர்கள் மேல் எனக்குள்ள வருத்தம் இதுதான். சொல்லுக்குச் சொல் தேடுகிறார்கள், அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் 'எனக்குத் தைராய்டு இருக்கு' என்பது நோயின் பெயராகிவிட்டது. தைராய்டு எல்லோருக்கும் இருக்கிறது. பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். கூடியிருந்தால், தைராய்டு கூடிப்போச்சு என்று மாத்திரையைத் தாங்களே குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. டி.எஸ்.எச். பிட்யூட்டரி அனுப்புவது. இரத்தத்தில் தைராய்டு சுரக்கும் ஹார்மோனான தைராக்சின் குறைந்தால், 'இன்னும் சுர' என்று பிட்யூட்டரி அதைக் கூட்டி அனுப்புகிறது. ஆக, பெரும்பாலும் அது கூடியிருந்தால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று அர்த்தம். மாத்திரையை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. மாத்திரையில் வந்த தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். 'தைராய்டைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்' என்று அந்த எண்ணுக்குப் பக்கத்தில் தமிழில் ஒரு வரி அச்சிட்டுக் கொடுங்கள்.