“லைன்ல சும்மா நின்னு தள்ளுறான், அவ்வளவுதான் டாக்டர்!”

இந்த சீசனில் இப்படிச் சொல்லிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்த மூன்றாவது குடும்பம் இது. பையனுக்குப் பதினாறு வயது, பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லெஃப்ட் கார்டு, அதாவது முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவன். (ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஆகஸ்டிலிருந்து தினமும் தலைவலி. கணக்குப் பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறான். நான் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அப்பா குறுக்கிட்டார். “டாக்டர், இவன் பந்தைத் தொடுறதே இல்லை. லைன்ல சும்மா நின்னு தள்ளுறான், அவ்வளவுதான். அடி வாங்குறதெல்லாம் பந்து வெச்சிருக்கிறவன்தான்.”

பயிற்சியிலிருந்து நேராக வந்ததால் ஹெல்மெட் பையன் மடியிலேயே இருந்தது. வாங்கி வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். நெற்றிப் பக்கம் முழுக்கச் சிவப்பு, மஞ்சள், கரும்பச்சை என்று தீற்றல்கள். எல்லாம் எதிரணி ஹெல்மெட்டுகளின் பெயின்ட். பின்பக்கம் புதுசுபோலப் பளபளத்தது. அப்பா அந்த நெற்றிப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் நரம்பியல் மருத்துவர். இந்தச் ‘சும்மா தள்ளுறான்’ பேச்சைக் கோயிலில், பிறந்தநாள் விழாவில், கிளினிக்கில் என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இன்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசைதான் அஃபென்சிவ் லைன். அதில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவனுக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, உடம்பைக் குறுக்கி, தலையை முன்னால் நீட்டி நிற்பார்கள். சென்டர் காலிடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் கொடுப்பதுதான் ஸ்னாப். அந்த நொடியிலேயே எதிரில் நிற்பவனோடு மோதல். அந்த நிலையிலிருந்து எழும்போது முதலில் போய்ச் சேர்வது தலைதான். ஒரு ஆட்டத்தில் அறுபது ஸ்னாப் என்றால் ஏறக்குறைய அறுபது மோதல். பந்து வைத்திருப்பவன் வாங்கும் அடி பெரிது, டிவியில் மூன்று முறை திருப்பிக் காட்டுவார்கள். லைன்மேன் வாங்கும் அடி சிறிது, யார் கண்ணிலும் படாது. கல்லூரி வீரர்களின் ஹெல்மெட்டுக்குள் சென்சார் வைத்து அளந்தபோதும் இதுதான் தெரிந்தது. அடியின் வேகத்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கும் முன்னால் நிற்கிறார்கள். எண்ணிக்கையில் முன்னால் நிற்பவர்களில் லைன்மேன்களும் உண்டு.

கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் டேக்கிள் ஜோ தாமஸ் 2007 முதல் 2017 வரை ஒரு ஸ்னாப்கூட விடாமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப் ஆடியவர். ஊரே கொண்டாடிய சாதனை. அந்த எண்ணில் பயிற்சி மைதானத்து மோதல் ஒன்றுகூடச் சேரவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

“கன்கஷன் எதுவும் ஆகலையே?” என்பது அடுத்த கேள்வி. கன்கஷன் என்றால் அடியில் மூளை அதிர்ந்துபோவது. பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு 631 ஃபுட்பால் வீரர்களின் மூளைகளை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட முடிவைச் சொல்கிறேன். சி.டி.இ. என்கிற மூளைச் சிதைவு நோய்க்கும் கன்கஷன் எண்ணிக்கைக்கும் பொருத்தம் இல்லை. ஆடிய ஆண்டுகளில் தலை வாங்கிய எல்லா அடிகளின் மொத்த பலத்தோடுதான் அது பொருந்தியது. சின்ன அடிக்கும் கணக்கு உண்டு.

ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை அலம்புவதை அது நிறுத்தாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிச் சட்டென்று நின்றால் என்ன ஆகும்? குடத்துக்கு வெளியே எத்தனை துணி சுற்றியிருந்தால் என்ன?

இந்த ஊரில் இருந்துகொண்டு மைக் வெப்ஸ்டரைத் தெரியாமல் இருக்க முடியாது. எங்கள் ஊர் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர். 17 சீசன், நான்கு சூப்பர் பவுல் கோப்பை, 1997-ல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். ஓய்வுக்குப் பிறகு மறதி, குழப்பம், ஓயாத வலி. வீடு வாசல் இழந்து பிக்கப் வண்டியில் படுத்துத் தூங்கிய காலமும் உண்டு. 2002 செப்டம்பரில் 50 வயதில் மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பென்னட் ஒமலுவுக்கு மூளை வெறும் கண்ணுக்கு இயல்பாகவே தெரிந்தது. சந்தேகம் தீராமல் மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றிப் பார்த்தபோதுதான் சி.டி.இ.யின் அடையாளமான டாவ் புரதத் திட்டுகள் தெரிந்தன. 2005-ல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. என்.எஃப்.எல். என்கிற தொழில்முறை ஃபுட்பால் லீகின் வீரர் ஒருவரிடம் சி.டி.இ. கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. அந்த முதல் ஆள் ஒரு லைன்மேன். ‘சும்மா நின்னு தள்ளியவர்.’

2017-ல் இன்னொரு ஆய்வு. முன்னாள் என்.எஃப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இதைக் கேட்டு அலறவும் வேண்டாம். அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுத்தன, ஆகவே ஆடுகிற எல்லோருக்கும் இந்த விகிதம் என்று அர்த்தமில்லை. அந்த ஆய்வு வெளியான இரண்டே நாளில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லைன்மேன் ஜான் அர்ஷெல் 26 வயதில் ஓய்வு அறிவித்தார். அப்போது எம்.ஐ.டி.யில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். இன்று அங்கேயே பேராசிரியர்.

என்னிடம் வந்த பையனுக்கு சி.டி.இ. என்று நான் சொல்லவில்லை. உயிரோடு இருப்பவரிடம் அதை உறுதி செய்ய இன்னும் வழியில்லை. அவனுக்கு வந்திருப்பது கவனிக்காமல் விட்ட கன்கஷன். சரியாக ஓய்வெடுத்தால் தேறிவிடுவான்.

அடுத்து எடை. “கோச் கோடைக்குள்ள முப்பது பவுண்ட் ஏத்தச் சொன்னார்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். வளரும் பையனுக்கு மூன்று மாதத்தில் முப்பது பவுண்ட் என்றால் அதில் பெரும்பகுதி கொழுப்புதான். என்.எஃப்.எல். லைன்மேன்கள் 300 பவுண்டுக்கு மேல், அதாவது 136 கிலோவுக்கு மேல் இருப்பது சாதாரணம். பசிக்காமலே தின்று தின்றுதான் அந்த எடையைக் காப்பாற்றுகிறார்கள். ஜோ தாமஸ் ஓய்வு பெற்றதும் சுமார் 50 பவுண்ட் இறக்கினார். எல்லோராலும் அது முடிவதில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது இவர்களிடம் அதிகம் என்று 2003-லேயே எழுதிவிட்டார்கள். நம் பரம்பரையில் சர்க்கரையும் இதய நோயும் இல்லாத வீடு எது? குறட்டையைக் கேட்டு “அசந்து தூங்குறான்” என்று சந்தோஷப்படாதீர்கள், பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள்.

வெயில் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் டேக்கிள் கோரி ஸ்ட்ரிங்கர் 2001 கோடைப் பயிற்சி முகாமில் வெப்பத் தாக்குதலில் சரிந்து, ஆகஸ்ட் 1 அன்று 27 வயதில் இறந்தார். பெரிய உடம்பு, மேலே தோளையும் மார்பையும் மூடும் பாதுகாப்பு பேட், தலையில் ஹெல்மெட், ஆகஸ்ட் வெயில். பையன் தடுமாறினாலோ உளறினாலோ முதல் வேலை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது. குளிர்வித்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். உங்கள் பள்ளி மைதானத்தில் அந்தத் தொட்டி இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே கேளுங்கள்.

வாரத்தில் எத்தனை நாள் முழு மோதல் பயிற்சி என்றும் கேளுங்கள். வீரர்கள் சங்கத்தோடு செய்த 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு என்.எஃப்.எல். அணிகளே சீசன் முழுவதற்கும் 14 நாள்தான் பேட் கட்டிப் பயிற்சி செய்யலாம் என்று குறைத்துக்கொண்டன. இரண்டு பேரைக் குறுகிய இடத்தில் எதிரெதிரே மோதவிடும் ஒக்லஹோமா டிரில்லை 2019-ல் தடையே செய்துவிட்டார்கள். சம்பளம் வாங்கும் பெரியவர்களுக்கு வேண்டாம் என்றதை உங்கள் பிள்ளைக்கு யாராவது செய்யச் சொன்னால் கூச்சப்படாமல் மறுத்துப் பேசுங்கள். தலைவலி, வெளிச்சம் கூசுவது, எரிச்சல், தூக்கக் கோளாறு, மார்க் குறைவது, இதில் எது இருந்தாலும் அன்றே ஆட்டத்தை நிறுத்துங்கள். எங்கள் பென்சில்வேனியா மாநிலத்தில் கன்கஷன் அறிகுறி தெரிந்த மாணவனை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப இறக்கலாம் என்பது சட்டம். ‘ஒரு லெட்டர் மட்டும் குடுங்க டாக்டர், வெள்ளிக்கிழமை முக்கியமான மேட்ச்’ என்று தயவுசெய்து வராதீர்கள். கொடுக்க மாட்டேன்.

எல்லாவற்றையும்விட, பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். அப்பா அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை என்று இவனைக் கேட்டேன். ஸ்காலர்ஷிப், கோச் மேல் பயம், இப்படி ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன். ஹெல்மெட் பட்டையைத் திருகிக்கொண்டே சொன்னான்: “நான் வெளிய வந்தா என் இடத்துல நிக்க ஒரு ஒன்பதாவது படிக்கிற பையன்தான் இருக்கான். அவன் என்னைவிட நாப்பது பவுண்ட் கம்மி.”

இந்த வெள்ளிக்கிழமை லெஃப்ட் கார்டாக இறங்கப்போவது அந்தப் பையன்தான்.