புளி போட்டு தேய்ச்சா ஃபியட் ஹெட் பளபளக்குமா?

கானாடுகாத்தான்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஐயா ஓட்டின ஃபியட் 1100 பல வருஷமா கார் கொட்டகையிலேயே கிடக்கு, இப்ப எஞ்சினைப் பிரிச்சாச்சு. எஞ்சினோட அடிப்பாகமான பிளாக் இரும்பு, அதை மேல மூடுற ஹெட் அலுமினியம், ஹெட்டு பூரா கரியும் வெள்ளை மாவுமா இருக்கு. அப்பத்தா அண்டாவுக்குப் போடுற மாதிரி புளி போடுங்கறாங்க, மெக்கானிக் காஸ்டிக் சோடாவுல ஊறவைங்கறார். யார் சொல்றது சரி?

அப்பத்தா பாதி சரி. மெக்கானிக் முழுத் தப்பு.

எண்ணெய்ப் பிசுக்குக்கு மண்ணெண்ணெய், பிரஷ், அப்புறம் சுடுதண்ணில சோப்பு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விஷயம் அதுக்கு அடியில இருக்கு. அலுமினியத்தைச் சுரண்டின அடுத்த நொடியே காத்துல இருக்கிற ஆக்சிஜன் சேர்ந்து மேல ஒரு தோல் உருவாகிடும். கனம் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை 10 லட்சமா வெட்டினா அதுல ஒரு 4 பங்கு, அவ்வளவுதான். இரும்பும் துருப்பிடிக்குதே, அது ஏன் காப்பாத்தலைன்னா, இரும்பு துருவா மாறும்போது 2 மடங்குக்கு மேல ஊதிடும், இடம் பத்தாம பொருபொருன்னு உதிரும், அடியில இருக்கிற இரும்பு மறுபடி வெளிய வரும். அலுமினியம் சுமார் 1.28 மடங்குதான் ஆகுது, அதனால அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இறுக்கமா ஒட்டிக்கும், கீறினாலும் தானா மூடிக்கும். எனக்கு இதை எத்தனை தடவை நினைச்சாலும் அலுக்கவே மாட்டேங்குது.

இந்தத் தோலுக்கு ஒரு பலவீனம் உண்டு. பள்ளிக்கூடத்துல ஈரியல்பு ஆக்சைடுன்னு படிச்சோமே, அமிலத்துலயும் கரையும், காரத்துலயும் கரையும். புளில டார்டாரிக் அமிலம் இருக்கு, மெதுவா மேல்தோலைக் கொஞ்சம் எடுத்துட்டு பளிச்சுன்னு காட்டும், ஆனா கரியை அது தொடாது. காஸ்டிக் சோடா கடுமையான காரம், தோலைத் தின்னுட்டு அடியில உலோகத்தையும் தின்னும், ஹைட்ரஜன் வாயு பொங்கும், பக்கத்துல பீடி பத்தவெச்சா அவ்வளவுதான். படிக்கிற காலத்துல ஒரு ஸ்கூட்டர் ஹெட்டை ராத்திரி அதுல போட்டுட்டு தூங்கினவன் நான், காலையில எடுத்தா குழிகுழியா, மேல கருப்பா மை பூசின மாதிரி. வார்ப்பு அலுமினியத்துல சிலிக்கான் கலந்திருக்கும், அது கரையாம மிஞ்சி நிக்குற கருப்பு அது. வெள்ளை மாவுக்குக் காரணம் வேற, ரேடியேட்டர்ல உப்பு போர் தண்ணி ஊத்தியிருப்பீங்க, உப்புல இருக்கிற குளோரைடு அந்தத் தோலை அங்கங்க ஓட்டை போடும், அங்க அரிச்சதுதான் அந்த மாவு.

இந்த மேல்தோல், உலோகம் அரிச்சுப்போற அரிமானம் பத்தியெல்லாம் ஆராய்ச்சி பண்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம்ம காரைக்குடிலயே இருக்கு, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் கொடுத்து 1953ல திறந்தது. இன்னிக்கு அந்த மாதிரி யார் அறிவியலுக்கு அள்ளிக் கொடுக்கறாங்க? கல்யாணப் பந்தலுக்குக் கோடி செலவாகுது.

சரி, என்ன பண்ணலாம்? ஈர பிளாஸ்டிங் பண்ற பட்டறை கிடைச்சா அங்க கொடுங்க. பொடிப்பொடி கண்ணாடி மணியைத் தண்ணியோட சேர்த்து அடிப்பாங்க, மணிக்கும் உலோகத்துக்கும் நடுவுல தண்ணிப்படலம் மெத்தை மாதிரி இருக்கிறதால அழுக்கு மட்டும் போகும், மேற்பரப்பு மென்மையா ஒரு மங்கின வெள்ளி நிறத்துல வரும். காய்ஞ்ச மணலை வெச்சு அடிக்கிற இடத்துக்கு மட்டும் போகவே போகாதீங்க, அலுமினியம் மிருதுவான உலோகம், மணல் உள்ள பதிஞ்சுக்கும், எஞ்சின் ஓடும்போது ஆயிலோட கலந்து பேரிங்கை அரைச்சுடும். எதால அடிச்சாலும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல வைக்கிற கேஸ்கெட் உட்கார்ற முகத்தை முன்னாடியே டேப் ஒட்டி மறைச்சுடுங்க, வேலை முடிஞ்சதும் ஆயில் போற ஓட்டை ஒவ்வொண்ணுலயும் பிரஷ் விட்டு, சோப்புத்தண்ணி விட்டு, காத்தடிச்சு, வெள்ளைத்துணி நுழைச்சுப் பாருங்க. துணில கண்ணாடிப் பொடியோட ஒரு மினுக்கு தெரிஞ்சாலும் மறுபடி முதல்லேர்ந்து கழுவணும் தம்பி.