பழைய வரைபடம் வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்

பழைய தாள்களைச் செப்பனிடுவது என் வேலை. வட ஐரோப்பாவின் பழைய வரைபடங்களை வாங்குகிறவர்கள் பலர் அதைக் கண்ணாடிச் சட்டத்தோடு கொண்டுவந்து அசல்தானா என்று கேட்கிறார்கள். சட்டத்தைக் கழற்றாமல் என்னால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் பாதிக் கதை பின்பக்கத்தில் இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் வரைபடங்கள் தயாரித்த ஆபிரகாம் ஓர்ட்டேலியஸின் ஐஸ்லாந்து வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை அச்சிட்ட செப்புத்தகட்டில் 1585 என்று இருக்கும், அவருடைய அட்லஸில் வந்தது 1590இல். தீவைச் சுற்றிக் கடல் முழுக்க விசித்திர விலங்குகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எழுத்து. அந்த எழுத்துக்கான விளக்கம் பின்பக்க அச்சில் வரும். மீனவர்களுக்காக மற்ற திமிங்கிலங்களோடு சண்டை போடும் சாதுவான திமிங்கிலம்கூட அதில் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்! அந்த அட்லஸ் லத்தீன், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு என்று பல மொழிகளில் வந்ததால், பின்பக்கத்து மொழியையும் பக்க எண்ணையும் வைத்தே எந்தப் பதிப்பின் தாள் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த விலங்குகளில் பல, ஸ்வீடனைச் சேர்ந்த பாதிரியார் ஓலாவுஸ் மாக்னுஸ் 1539இல் வெனிஸில் வெளியிட்ட பெரிய வரைபடத்திலிருந்து வந்தவை. 9 மரக்கட்டைகளில் அச்சான அதில் இன்று 2 பிரதிகள்தான் தெரியும், ஒன்று மியூனிக்கில், இன்னொன்று உப்சாலாவில். மூன்றாவது என்று யாராவது விலை பேசினால் கொஞ்சம் நில்லுங்கள்.

அப்புறம் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கையால் செய்த அந்தக் காலத்துத் தாளில் சல்லடைக் கம்பிகளின் கோடுகள் தெரியும். செப்புத்தகடு அழுத்திய விளிம்பு விரலில் தட்டுப்படும். லென்ஸில் வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது நவீன அச்சு. பச்சை வண்ணத்தையும் பாருங்கள்: பழைய செம்புப் பச்சை காலப்போக்கில் தாளை அரித்து, பின்பக்கத்தில் பழுப்பாக இறங்கியிருக்கும். முன்னால் பளிச்சென்ற பச்சை, பின்னால் சுத்தமான தாள் என்றால் வண்ணம் அண்மையில் பூசியதாக இருக்கலாம். அப்படிப் பூசியதாலேயே வரைபடம் போலியாகிவிடாது, ஆனால் பழைய வண்ணத்துக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது திருட்டு. ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்வீடன் தேசிய நூலகத்தில் அங்கேயே பணியாற்றிய மூத்த அதிகாரி அரிய நூல்களைத் திருடி விற்றது 2004இல் வெளிவந்தது. அப்படிப் போன 1597ஆம் ஆண்டு அட்லஸ் ஒன்று 2012இல்தான் நியூயார்க்கிலிருந்து திரும்பியது. நல்ல நம்பிக்கையில் வாங்கியவர் கையிலும் இப்படிப்பட்ட பொருள் வந்து சேரும், பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அதனால் முன்பு யாரிடம் இருந்தது என்பதை பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தாளின் ஓரம் பிளேடால் வெட்டியதுபோல் இருந்தாலோ, பின்பக்கத்தில் நூலக முத்திரையைச் சுரண்டிய இடம் மட்டும் மெலிந்து வெளிச்சம் விட்டாலோ, பணம் கொடுக்காமல் முதலில் நூலகங்களில் விசாரியுங்கள்.