சாரத்திலிருந்து விழும் செங்கல் எங்கே போய் விழும்?

கட்டட வேலை நடக்கும் இடங்களில் எச்சரிக்கை நாடாவைப் பெரும்பாலும் சாரத்தின் காலை ஒட்டியே கட்டிவிடுகிறார்கள். மேலிருந்து எது தவறினாலும் நேர் கீழேதான் விழும் என்ற நம்பிக்கை. தலையில் அடிபடுவது அந்த நாடாவுக்கு வெளியே நடந்து போகிறவருக்கு.

20 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஏழாவது மாடியில், பலகை ஓரத்தில் ஒரு செங்கல் இருக்கிறது. கைதவறி விழுந்தால் தரையைத் தொட 2 விநாடி. கால் இடறி விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக எகிறினாலும் அதே 2 விநாடிதான். ஆனால் அதற்குள் 6 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். கையை விட்டபின் செங்கல்லை இழுப்பது புவியீர்ப்பு ஒன்றே. அது இழுப்பது கீழ்நோக்கி மட்டும். அதனால் கீழ்நோக்கிய வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.8 மீட்டர் கூடிக்கொண்டே போகும், பக்கவாட்டு வேகம் கிளம்பியபோது இருந்தபடியே இருக்கும்.

கணக்கு எளிது. உயரத்தை இரட்டித்து 9.8-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் நேரம். அதைப் பக்கவாட்டு வேகத்தால் பெருக்கினால் தூரம். உயரம் நான்கு மடங்கானால்தான் தூரம் இரு மடங்காகும். தள்ளிய வேகம் இரட்டித்தால் தூரமும் உடனே இரட்டிக்கும். ஆகவே இடிபாடுகளை மேலிருந்து வீசுவதை அடியோடு நிறுத்துங்கள், குழாய்ச் சரிவு வழியாக இறக்குங்கள்.

‘45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம்’ என்று பள்ளியில் படித்ததை இங்கே கொண்டுவரக் கூடாது. எறியும் இடமும் விழும் இடமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அது சரி. 20 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 45 டிகிரி மேல்நோக்கி எறிந்தால் சுமார் 8.5 மீட்டர் போகும். கிடைமட்டமாக எறிந்தால் 10 மீட்டர்.

எல்லோரும் மறப்பது, வழியில் மோதுவதை. சாரக் குழாய்களைப் பிணைக்கும் இரும்புக் கிளாம்ப் கைதவறினால், 10 மீட்டர் விழுந்ததும் விநாடிக்கு 14 மீட்டர் வேகம் பெற்றிருக்கும். அப்போது சாரக் குழாயில் உரசினால் அதில் ஒரு பங்கு பக்கவாட்டுக்குத் திரும்பும். விநாடிக்கு 7 மீட்டர் திரும்பி, 10 மீட்டர் கீழ்நோக்கி மிஞ்சினாலும், மீதி 10 மீட்டரைக் கடப்பதற்குள் 5 மீட்டர் வெளியே போய்விடும். யாரும் வீசவில்லை, ஆனாலும் நாடாவைத் தாண்டி விழுகிறது! கப்பியில் ஆடிக்கொண்டிருக்கும் வாளியிலிருந்து நழுவும் கல்லும் அப்படித்தான், வாளியின் அந்நேர வேகத்தோடு கிளம்பும்.

‘தலை! தலை!’ என்று கத்துவதை நம்பி இருக்காதீர்கள். இருப்பதே 2 விநாடி. அதில் கேட்டு, புரிந்து, நகர வேண்டும். பலர் நிமிர்ந்து பார்த்தே அதைக் கழித்துவிடுவார்கள். 3 கிலோ செங்கல் தரைக்கு வரும்போது மணிக்கு 71 கிலோமீட்டர் வேகம். ஹெல்மெட் சிறு போல்ட்டுக்கு உதவும், இதற்கு உதவாது.

எனவே மேலேயே தடுங்கள். பலகை ஓரத்தில் ஒரு சாண் உயரக் குறுக்குப் பலகை, கைக்கருவிக்குக் கயிறு, சாரத்தைச் சுற்றி வலை. 20 மீட்டர் சாரத்துக்கு நாடா குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்கட்டும்; இடம் இல்லையென்றால் நடைபாதைக்கு மேல் கூரை போடுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் செங்கல், இரும்பு போன்ற கனமான பொருளுக்கு. கான்கிரீட் வார்க்க அடியில் வைக்கும் சென்ட்ரிங் பலகை, தகரம், தெர்மாகோல் ஆகியவற்றைக் காற்று தூக்கிச் செல்லும். அவை எங்கே இறங்கும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. காற்று பலமாக வீசும்போது அவற்றை இறக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.