‘முவே’ என்றால் பட்டிக்காடா?

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக்கின் வயதானவர்கள் சிலர் ‘என்னை’ என்பதற்கு ‘முவே’ என்பார்கள். பாரிஸில் அது ‘முவா’. பாரிஸ்காரர் காதுக்கு ‘முவே’ பட்டிக்காட்டுப் பேச்சாக விழும். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசவையே ‘முவே’ என்றுதான் பேசியது. ‘முவா’ பாரிஸின் சாதாரண ஜனங்களுடைய உச்சரிப்பு. 1789 புரட்சியில் அரசவை கவிழ்ந்தது, அப்புறம் ‘முவா’ மேலேறியது.

அந்த மாற்றம் ஏன் கனடாவை எட்டவில்லை? 1608-இல் பிரெஞ்சுக்காரரான சாம்ப்ளேன் கியூபெக் நகரை நிறுவிய பிறகு பிரான்ஸின் நார்மண்டி, புவாத்து என்று பல பகுதிகளிலிருந்து குடியேறிகள் வந்தார்கள். பலருக்கும் சொந்த வட்டாரப் பேச்சு இருந்தது. 1663-லிருந்து 1673 வரை பிரெஞ்சு அரசர் சுமார் 800 மணமாகாத பெண்களை அனுப்பினார். பலர் பாரிஸ் சுற்றுவட்டாரத்தினர். வெவ்வேறு ஊர்க்காரர்கள் குடும்பமான வீடுகளில் பிள்ளைகளுக்குப் பொதுவான பிரெஞ்சே தாய்மொழியானது. அப்போது பிரான்ஸிலேயே பெரும்பாலோர் வட்டார மொழிகளைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்! 1763-இல் பாரிஸ் ஒப்பந்தத்தின்படி கனடா பிரிட்டன் கைக்குப் போனதும் பாரிஸோடு இருந்த தொடர்பு நைந்துவிட்டது. (புதுச்சேரி பிரான்ஸுக்குத் திரும்பியதும் அதே ஒப்பந்தத்தில்தான்.)

பழையதைக் காத்ததோடு கியூபெக் நின்றுவிடவில்லை. ‘சின்ன’ என்று பொருள்படும் ‘பெத்தி’ அங்கே ‘பெட்ஸி’. மெதுவாக ‘தி’ என்று சொல்லிப் பாருங்கள். ‘இ’ வருவதற்காக நாக்கு முன்பக்கம் மேலே எழும்பும். காற்று போக இடுக்குதான் மிஞ்சும். அந்த இடுக்கில் காற்று சீறினால் ‘ட்ஸி’. ‘அ’வுக்கு நாக்கு தாழ்ந்துவிடுவதால் ‘த’ அப்படியே இருக்கும். இவ்வளவு ஒழுங்கான விதியை ‘கொச்சை’ என்று தள்ளுவது நியாயமே இல்லை.

சொற்களும் ஊருக்கேற்ப மாறின. பிரான்ஸில் ‘புத்ரெரி’ என்றால் வெடிமருந்துத் தொழிற்சாலை. கியூபெக்கில் அது, தரையில் கிடக்கும் மாவு போன்ற பனியைக் காற்று கிளப்பி வீசுவது. கப்பல் ஏறுவதற்கான ‘ஆம்பார்க்கே’ அங்கே கார் ஏறுவதற்கும் ஆகும்.

ஆங்கிலம் சூழ்ந்த கண்டத்தில் சொந்தச் சொல்லுக்காக அவர்கள் விடாமல் உழைக்கிறார்கள். பிரான்ஸின் சாலைப் பலகையில் ‘ஸ்டாப்’ என்றிருக்கும், கியூபெக்கில் ‘அரே’. மின்னஞ்சலுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கூரியேல்’. 2003-இல் பிரெஞ்சு அரசு தன் அலுவல் மொழிக்கு அதையே எடுத்துக்கொண்டது.