ஐஸ் கட்டியை எங்கே வைக்கிறோம்?

அண்டார்டிகாவில் நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையத்தில் ஒரு கோடைக்காலம் வேலை பார்த்தவன் நான். கருவியைக் கடலுக்குள் இறக்கி உப்பையும் வெப்பத்தையும் அளப்பதுதான் வேலை. அதனாலேயே ஊரில் என்னிடம் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். போன மாதம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவரும் கேட்டார்: "அங்க ஐஸ் உருகுறதாலதான தம்பி இங்க கரை போவுது?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வரலாம். ஆனால் அது பாதி பொய்.

நம் கடற்கரை மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கல் கொட்டித் தடுத்தால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் அரிக்கும். 1980களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச்சுவர் வந்தபின் புதுச்சேரி நகரக் கடற்கரை மணலை இழந்தது இப்படித்தான். கல் கொட்டிய கையை விட்டுவிட்டுப் பனியைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

சரி, பனியின் பங்கு என்ன? பெரியவரின் ஐஸ் பெட்டியிலிருந்து இரண்டு கட்டி வாங்கினேன். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய இரண்டு குண்டான்கள். ஒன்றில் கட்டியை மிதக்கவிட்டு, வழிந்ததை வழியவிட்டேன். இன்னொன்றில், தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த செங்கல்மேல் வைத்தேன். உருக உருக இரண்டாவதுதான் வழிந்தது. மிதக்கும் கடற்பனி உருகினால் கடல் மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். நிலத்தின்மேல் கிடக்கும் பனி கடலுக்கு வந்தால்தான் ஏறும். அண்டார்டிகாவின் நிலப்பனி முழுவதும் கரைந்தால் 58 மீட்டர் அளவுக்கு ஏறும். நாளைக்கே கரையாது, பயப்பட வேண்டாம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண், ஏறியது. சூடான நீர் விரிந்ததும் பனி உருகியதும் சேர்ந்த கணக்கு அது. 2006 முதல் 2018 வரை வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர்.

"அவ்வளவு தூரத்துல உருகுறது நம்மள என்ன பண்ணும்?" என்றார் பெரியவர்.

தூரமாக இருப்பதுதான் சிக்கலே. மலை மலையாகக் குவிந்த பனிக்கு ஈர்ப்பு விசை உண்டு. சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் பிடி தளரும். அருகில் கடல் இறங்கும், வெகுதொலைவில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். அந்தத் தொலைவில்தான் நாம் இருக்கிறோம்.

ஒரு சாண்தானே என்று தோன்றும். 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை நாம் மறக்கவில்லை. அப்படியொரு புயல் தள்ளிவரும் நீர், ஏற்கெனவே ஏறியிருக்கும் மட்டத்தின்மேல் நின்றுகொண்டுதான் ஊருக்குள் வரும். கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறவும் அதே சாண் வழி விடும்.

"அப்ப மிதக்குற ஐஸ் போனா நட்டமில்ல" என்று அவர் முடிவுகட்டினார். கடலுக்கு இல்லை, உயிர்களுக்கு உண்டு. நம் கூனி இறாலைப் போன்ற கிரில் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடியில் வளரும் பாசியைத் தின்றுதான் பிழைக்கின்றன. திமிங்கிலமும் பென்குயினும் கிரிலைத் தின்கின்றன. எம்பரர் பென்குயின் அந்தப் பனியின்மேலேயே குஞ்சு பொரிக்கிறது. 2022இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில், குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்கும் முன்பே பனி உடைந்தது. அங்கிருந்த ஐந்து கூட்டங்களில் நான்கில் குஞ்சுகள் தப்பியிருக்க வாய்ப்பே இல்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். பனியில் படிந்த எச்சத்தின் பழுப்புக் கறை செயற்கைக்கோள் படத்தில் தெரியும். அதை வைத்துத்தான் கூட்டம் இருக்கும் இடத்தையே கண்டுபிடிக்கிறார்கள்.

துருவத்தைக் கடலூரிலிருந்து காப்பாற்ற முடியாது. ஆனால் 2004 சுனாமியில் பிச்சாவரம் அலையாத்திக் காடு தன் பின்னாலிருந்த குப்பங்களுக்குச் சேதத்தைக் குறைத்தது. கரையோர மணல்மேடும் தன்னால் முடிந்த அளவு தடுக்கும், யாரும் அதை வண்டி நிறுத்தச் சமப்படுத்தாத வரை. அடுத்த முறை உங்கள் கரையில் கல் கொட்ட அளவெடுக்க வந்தால் ஒன்று கேளுங்கள்: இதனால் வடக்கே எந்தக் குப்பத்தின் மணல் போகும்?